ஆறாவது குழாய்

போன வருடத் திறன் தேர்வில் எங்கள் ஆய்வகம் தோற்றதற்கு மியாவ் குய்ஷியாங்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். தோல்வி அறிக்கையை டைப் அடித்தவளே நான்தான், நம்பாமல் எப்படி இருப்பது?

என் பெயர் கே சூஹுவா. செங்டுவின் தெற்கே, மூன்றாவது வட்டச் சாலையை ஒட்டி இருக்கும் எலி நிலையத்தில் தர அதிகாரி. படிவம் நிரப்புவதும், மற்றவர்களை நிரப்பச் சொல்லி உயிரை வாங்குவதும் என் வேலை. எங்கள் நிலையம் ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளை வளர்த்து, நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று சான்றிதழ் ஒட்டி, மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும். அந்தச் சான்றிதழ் கொடுக்கும் தகுதி எங்களுக்கு உண்டா என்று பார்ப்பதற்குத்தான் வருடா வருடம் திறன் தேர்வு. தேர்வு மையத்திலிருந்து ஐந்து கண்ணாடிக் குப்பிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். தூளுக்குள் எந்தக் கிருமி தூங்குகிறது, அல்லது எதுவுமே இல்லையா என்று கண்டுபிடித்து இரண்டு வாரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும்.

போன வருடம் இரண்டு குப்பிகளில் பாஸ்சுரெல்லா இருப்பதாகப் பதிந்தோம். எலியின் மூச்சுக்குழாயில் குடியேறி நுரையீரலைக் கெடுக்கும் கிருமி அது. அந்த இரண்டு குப்பிகளிலும் அது இல்லவே இல்லை என்று முடிவு வந்தது. தென்மேற்கு மாகாணங்களின் கூட்டத்தில் எங்கள் டைரக்டர் பாங் ஷோவ்ரென் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. எல்லாரும் கிருமியைத் தவற விட்டுத்தான் தோற்பார்கள், இல்லாத கிருமியைப் பிடித்துத் தோற்றவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று யாரோ பின்வரிசையில் சொல்ல, கூட்டமே சிரித்ததாம்.

ஊர் திரும்பியதும் டைரக்டர் மியாவ் அக்காவைச் சுயவிமர்சனக் கடிதம் எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. கிருமிப் பிரிவில் இருபத்து நான்கு வருடம். பூனை கத்துவது போலவே ஒலிக்கும் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு எலி நிலையத்தில் வேலை பார்க்கிறவர். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "சிரிச்சாச்சா? இப்பப் போய்க் கையைக் கழுவு" என்பார்.

மூன்று பக்கக் கடிதத்தை அவர் நின்ற இடத்தில் நின்று, செய்தி வாசிப்பது போல வாசித்தார். "நான் என் கண்ணை நம்பியது தவறு. இனி டைரக்டரின் கண்ணையே நம்புவேன். அந்தக் கண் இதுவரை கிருமி வளர்க்கும் ஒரு பிளேட்டைக்கூடப் பார்த்ததில்லை என்பதால் அது கெட்டுப்போக வாய்ப்பே இல்லை." கைபேசியில் மூழ்கியிருந்த டைரக்டர் தன் பெயர் வந்ததும் முதல் ஆளாகக் கைதட்டினார். நாங்கள் எல்லாரும் குனிந்து ஷூ கயிற்றைச் சரி செய்தோம். கயிறு இல்லாத ஷூ போட்டிருந்தவர்கள்கூட.

ஆனால் கடைசி வரியை அவர் வேறு குரலில் வாசித்தார். "அது வளர்ந்தது. வளர்ந்ததைத்தான் எழுதினேன்." அதை அன்றைக்கு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் மே மாதம் குப்பிகள் வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பே டைரக்டர் வாசலில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். 'ஒரு கிருமியும் தப்பாது, ஒரு கிருமியும் கூடாது' என்று வெள்ளை எழுத்தில். கூரியர்காரர் அதைப் படித்துவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்து, காலால் உள்ளே தள்ளிவிட்டு ஓடினார்.

டைரக்டர் பாங் கெட்டவர் இல்லை. முன்பு வண்டிப் பிரிவில் இருந்தவர். பதினெட்டு லாரிகளை ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்ட வைத்தவரை, எலிகளையும் ஓட்டுவார் என்று இங்கே போட்டுவிட்டார்கள். கிருமியும் அவருக்குப் போக்குவரத்துப் பிரச்சினைதான். யாரைப் பிடிக்க வேண்டும், யாரைக் கும்பிட்டு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

"மியாவ் டீச்சர், இந்தத் தடவை என் மானத்தைக் காப்பாத்தணும்" என்றார். மரியாதைக்காக அக்காவை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"உங்க மானம் எந்தக் குப்பியில இருக்கு? நம்பரைச் சொல்லுங்க, முதல்ல அதைத் திறக்கறேன்" என்றார் அக்கா.

பிற்பகல் வேலை தொடங்குமுன் அக்கா என் மேஜைக்கு வந்தார். கையில் எங்கள் ஊர்த் தெருக்கடைத் தீனியான காரம் ஊறிய முயல் தலை, பிளாஸ்டிக் கையுறையோடு. எலியை ஆராய்ந்துவிட்டு முயல் மண்டையைக் கடிக்கிறீர்களே என்று ஒருமுறை கேட்டதற்கு, "இது சாப்பாடு. அது வேலை. ரெண்டையும் குழப்பிக்கிறவங்கதான் அதிகாரி ஆகறாங்க" என்று சொன்னவர்.

"குட்டி கே, எனக்கு ஒரு குழாய் கூட வேணும்."

"எத்தனை வேணும்னாலும் எடுங்கக்கா, ஸ்டோர்ல கிடக்கு."

"குழாய் இல்லடி, அதுக்கு ஃபார்ம்ல ஒரு கட்டம். குப்பி அஞ்சு. நான் ஆறு குழாய் போடப் போறேன்."

அவர் என்ன கேட்கிறார் என்று புரியச் சில நிமிடம் பிடித்தது. குப்பித் தூளைச் சும்மா உப்பு நீரில் கரைக்கலாம். எங்கள் நடைமுறைப்படி நாங்கள் அப்படிச் செய்வதில்லை. எங்கள் சொந்த எலியின் மூச்சுக்குழாயைக் கழுவிய நீரில் கரைப்போம். உண்மையான நோய் மாதிரி போலவே இருக்க வேண்டும் என்று போன வருடம் டைரக்டர் ஆசைப்பட்டார். எங்கள் எலிகள்தான் சுத்தமான எலிகளாயிற்றே, என்ன வந்துவிடப் போகிறது?

"அந்தக் கழுவின தண்ணியை மட்டும், தூளே போடாம, தனியா ஒரு குழாயில வைக்கப் போறேன்" என்றார் அக்கா. "ஒண்ணும் வளரலைன்னா நான் மண்டை கழண்டவ. பேசாம வேலையை விட்டுட்டு மாஜோங் விளையாடப் போயிடறேன். வளர்ந்தா..."

"வளர்ந்தா?"

"கட்டம் போடுடி முதல்ல."

கட்டம் போட்டேன். போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நடைமுறையை எழுதியது டைரக்டர் இல்லை. அவர் வாயால் சொன்னார், எழுதியது நான். எலியின் மூச்சுக்குழாய் நீர் என்ற வரியை எழுதிவிட்டு, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற அடுத்த வரியை எழுதாமல் விட்டவளும் நான்தான். பக்கம் முடிந்துவிட்டிருந்தது. இன்னொரு தாள் சேர்த்தால் பக்க எண்கள் எல்லாம் மாறும். அவ்வளவுதான் காரணம்.

இரண்டாம் நாள் காலை இன்குபேட்டரைத் திறக்கும்போது நானும் கூட நின்றேன். அக்கா பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றாவது குப்பியில் கறுப்புப் பொட்டு வைத்த சால்மோனெல்லா. மூன்றாவதில் மூக்குச்சளி போல இழுபடும் கிளெப்சியெல்லா. அதையெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவர்களைப் பார்ப்பது போலத் தலையாட்டிக் கடந்தார். ஆறாவது பிளேட்டை எடுத்தார். ரத்தச் சிவப்பின் மேல் சின்னச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், பனித்துளி மாதிரி வழவழப்பாக ஏழெட்டு.

மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டு போனார். மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் நான் ஒட்டிய காகிதத்துக்கு நேர் கீழே நின்று.

"பாஸ்சுரெல்லா" என்றார்.

"நிச்சயமாவாக்கா?"

"உன் வீட்டுக்காரனோட சாக்ஸை வாசனை வெச்சே கண்டுபிடிப்பியா மாட்டியா? அந்த மாதிரிதான். சரி, நீ நம்ப மாட்ட, மத்த டெஸ்ட்டையும் போடறேன்."

எல்லாச் சோதனையும் போட்டார். அதே கிருமிதான். தூள் போடாத குழாயில், எங்கள் சான்றிதழ் பெற்ற சுத்தமான எலியின் தொண்டையிலிருந்து வந்த கிருமி. அப்படியானால் போன வருடம் அந்த இரண்டு குப்பிகளில் வளர்ந்ததும் இதுதான்; மற்றவற்றில் வேறு கிருமிகள் இதை மூடிவிட்டிருக்க வேண்டும். இல்லாத கிருமியை அக்கா பிடிக்கவில்லை. இருந்த கிருமியைத்தான் பிடித்தார். அது குப்பியில் இல்லை, எலியில் இருந்தது.

அக்கா குதிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு வருஷம்" என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் பக்க எண் கதையை அப்போதே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"பக்க எண்ணுக்காகவா?" என்றார்.

"ஆமாக்கா."

"நான் என்னமோ உனக்கு என் மேல வன்மம்னு நினைச்சிட்டிருந்தேன். வெறும் சோம்பேறியா நீ?" சிரிக்க ஆரம்பித்தவர் கொஞ்ச நேரம் நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்பினால் வந்த நீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "எழுந்திரு. ஒவ்வொரு குப்பியிலயும் பாதித் தூள் மிச்சம் வெச்சிருக்கேன். வெறும் உப்புத் தண்ணியில மறுபடி போடலாம்."

மறுபடி போட்டதில் எல்லாம் தெளிவாக வந்தது. ஒன்று சால்மோனெல்லா, மூன்று கிளெப்சியெல்லா, ஐந்தில் பச்சை நிறம் விட்ட சூடோமோனாஸ். இரண்டிலும் நான்கிலும் நோய் தரும் கிருமி எதுவும் இல்லை. பாஸ்சுரெல்லா எந்தக் குப்பியிலும் கிடையாது. எலி நீரில் கரைத்துச் செய்ததையும், ஏன் மறுபடி செய்தோம் என்பதையும் குறிப்பாக எழுதிச் சேர்த்துக்கொண்டேன். டைரக்டரிடம் இந்த ஐந்தை மட்டும் சொன்னோம்; ஆறாவது எங்கிருந்து வந்தது என்று அக்கா முதலில் தேடி முடிக்க நினைத்தார். பதிவதற்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது.

வியாழன் மதியம் டைரக்டரின் பழைய கல்லூரி நண்பர் லெய் திங்ஃபா சோங்சிங்கிலிருந்து அதிவேக ரயில் பிடித்து வந்தார். அங்கே அவரும் இவரைப் போலவே ஓர் எலி நிலையத்தின் டைரக்டர். இருவரும் மேஜையிலேயே காரக் குழம்பைக் கொதிக்க வைத்துச் சாப்பிடும் ஹாட்பாட்டுக்குப் போனார்கள். சோங்சிங்காரர் செங்டு வந்து ஹாட்பாட் சாப்பிடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. எங்கள் ஊர்க் குழம்பை அவர்கள், குழந்தைகளுக்குக் கால் கழுவும் தண்ணீர் என்பார்கள்.

மூன்று மணிக்கு டைரக்டர் திரும்பி வந்தார். முகம் மிளகாய் நிறத்தில் இருந்தது. நாக்கு மரத்துப் போயிருந்ததால் பாதி எழுத்து வாயை விட்டு வரவில்லை. கையில் ஒரு பை சூரியகாந்தி விதை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சின்ன கே, பதிஞ்சாச்சா?"

"இல்ல டைரக்டர். நாளைக்குத்தான் கடைசி."

"நல்லதாப் போச்சு. மாத்து. ரெண்டாவதுல சால்மோனெல்லா. நாலாவதுல பாஸ்சுரெல்லா. ஒண்ணாவதுல ஒண்ணுமில்ல." கைபேசியைத் திறந்து காட்டினார். ஹாட்பாட் கடையின் பில்லைப் படம் பிடித்திருந்தார். அதன் பின்பக்கத்தில் லெய் எழுதிக் கொடுத்த விடைகள், எண்ணெய்க் கறையோடு.

"நம்ம அக்கா பார்த்தது வேற மாதிரி இருக்கே."

"மியாவ் டீச்சர் போன வருஷமும்தான் பார்த்தாங்க. லெய் ரெண்டு வருஷமா பாஸ் பண்றவன். அவன்கிட்ட ஜெர்மன் மெஷின் இருக்கு."

"டைரக்டர், அறிவுறுத்தல் தாள்ல ஏழாவது பாயின்ட் படிச்சீங்களா? ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் வேற வேற வரிசை. பார்த்து எழுதக் கூடாதுன்னுதான் அப்படிக் கலைச்சு அனுப்பறாங்க."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்த எழுதறது. 'வேகம் அறுபது'ன்னு ரோட்ல போர்டு வைக்கறதில்லையா? யாரு அறுபதுல போறா?" ஒரு விதையைக் கடித்துத் தோலை என் கீபோர்டுக்கு அருகில் துப்பினார். "மாத்து."

பெரிய நேர்மைக்காரி என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. பக்க எண்ணுக்காக ஒரு வரியை விழுங்கியவள் நான். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான். காதருகில் க்ரக், க்ரக் என்று விதை கடிக்கும் சத்தம். கீபோர்டில் தோல். ஒரு வருடமாக ஒரு பெண் மேல் நாங்கள் சுமத்திய பழி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பில்லின் பின்புறத்தால் இன்னொரு வருடம் நீளப்போகிறது. திரையில் அக்காவின் முடிவுகள் வரிசையாக நிரம்பியிருந்தன. 'சமர்ப்பி' என்ற நீலப் பொத்தான் அடியில் இருந்தது.

அமுக்கினேன்.

"என்ன பண்ணின?"

"கை பட்டுடுச்சு டைரக்டர்."

"திரும்ப எடு!"

"ஒரு தடவை போனா எடுக்க முடியாது. எட்டாவது பாயின்ட்."

விதைப் பை அவர் கையிலிருந்து விழுந்தது. 'கே சூஹுவா!' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கத்தினார். எங்கள் ஊரில் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேற்கொண்டு திட்டத் தேவையில்லை. கத்தல் கேட்டு அக்கா கிருமிப் பிரிவிலிருந்து வந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கையில் மூடி ஒட்டிய ஆறாவது பிளேட்டோடு. இன்னொரு கையில் எலி வரவுப் பதிவேடு.

"அவளை அப்புறம் திட்டுங்க. முதல்ல இதைப் பாருங்க" என்றார். என் மேஜை மேல் பிளேட்டை வைத்தார். டைரக்டர் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார்.

"கடிக்காது. இது நம்ம எலி. மூணாம் அறை. போன வருஷம் என்னை நிக்க வெச்சு வாசிக்க வெச்சீங்களே, அந்தக் கிருமி இதுதான்."

விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. டைரக்டர் நடுவில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் நம்ம எலிங்களைச் சோதிக்கிறோமே? அதுல ஏன் தெரியல?"

"சோதனைக்கு எலி எங்கிருந்து எடுக்கறோம்? முதல் அறையிலிருந்து. கண்ணாடி ஜன்னல் போட்ட அறை. விருந்தாளி வந்தா காட்டறதுக்குன்னு நீங்க சொன்னதால அதையே பளபளன்னு வெச்சிருக்கோம். மூணாம் அறையை எவன் பார்த்தான்? விக்காம மிச்சமான கிழ எலிங்கன்னு கழுவறதுக்கு அங்கிருந்து எடுத்துக் குடுத்தாங்க. அதனால மாட்டிச்சு."

பிறகு பதிவேட்டைத் திறந்தார். போன வருடத் தேர்வுக்கு முன்பே, புத்தாண்டு வசந்த விழாவுக்கு அடுத்த வாரம், மூன்றாம் அறைக்கு இருபது எலிகள் வரவு. அரிய இனம். அனுப்பியவர்: சோங்சிங், லெய் திங்ஃபா. தனிமைப்படுத்திய நாட்கள் என்ற கட்டத்தில் எண் இல்லை. டைரக்டரின் கையெழுத்தில் 'பழைய நண்பர்' என்று இருந்தது.

"இந்தப் பழைய நண்பருக்கு இருமல் இருந்திருக்கு" என்றார் அக்கா.

டைரக்டர் அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "இது தேர்வுல கேக்கல, இல்லையா? அஞ்சு குப்பிதான கேட்டாங்க. ஆறாவதை யாரும் கேக்கலையே."

"கேக்கல."

"அப்ப... மூணாம் அறையை மட்டும் சத்தமில்லாம..."

"மூணாம் அறையிலிருந்து இந்த ஒரு வருஷத்துல பதினோரு இடத்துக்கு எலி போயிருக்கு."

அடுத்த அறையில் யாரோ டீ ஃபிளாஸ்க்கைத் திருகி மூடும் சத்தம் கேட்டது.

"நான் ஒரு சுயவிமர்சனம் எழுதறேன்" என்றார் டைரக்டர். "எல்லார் முன்னாடியும் வாசிக்கறேன். போதுமா?"

"உங்க கையெழுத்து எனக்குப் புரியாது, உங்க குரல் எனக்குப் பிடிக்காது. அதை வெச்சு நான் என்ன பண்ண? அந்தப் பதினோரு பேருக்கு லெட்டர் போடுங்க. எலி கெட்டதுன்னு எழுதுங்க. இன்னைக்கே."

டைரக்டர் எழுதவில்லை. அன்றைக்கு எழுதவில்லை, அடுத்த நாளும் எழுதவில்லை. மூன்றாம் அறையைப் பூட்டச் சொன்னார், புதிதாக எலி அனுப்புவதை நிறுத்தினார், அத்தோடு சரி. நானும் அக்காவும் பேசிக்கொண்டோம். திங்கட்கிழமைக்குள் போகாவிட்டால் நாங்களே எங்கள் பெயரில் எழுதுவது என்று முடிவானது. வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "மாஜோங்ல உனக்குக் கை வராது. நீ பட்டினிதான்" என்றார்.

திங்கள் காலை ஒரு தொலைபேசி வந்தது. குன்மிங்கிலிருந்து பேராசிரியர் யின் என்ற அம்மா. நுரையீரல் ஆராய்ச்சி செய்கிறவர். முன்பு நான்கு முறை எங்களிடம் எலி வாங்கியவர், ஐந்தாம் தடவையாகக் கேட்டு எழுதியிருந்தார், எங்களிடமிருந்து ஏன் பதிலே இல்லை என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். டைரக்டர் எதிரில் இருந்தார்.

"அவசரமா வேணும்" என்றது அந்தக் குரல். "எட்டு மாசமா ஒரே பிரச்சினை. மருந்து குடுத்த எலிக்கும் நுரையீரல் வீங்குது, குடுக்காத எலிக்கும் வீங்குது. என் மாணவி ஒருத்தி, அவதான் எலியைக் கவனிச்சவ. கை சுத்தமில்லன்னு நான் தினம் திட்டினேன். போன மாசம் படிப்பே வேணாம்னு ஊருக்குப் போயிட்டா. இப்ப வேற ஆளை வெச்சுப் புதுசா தொடங்கணும். உங்க எலிதான் சுத்தம், அதனால உங்ககிட்டயே கேக்கறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

"பேராசிரியரம்மா, நான் பாங் ஷோவ்ரென். அந்தப் பொண்ணு கையில தப்பில்ல. எங்க எலியிலதான்" என்றார்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஆம், ஆம் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. ஒரு லாரி ஓட்டுநர்கூட டைரக்டரை அப்படித் திட்டியிருக்க மாட்டார். கடைசியில் குரல் தணிந்தது. அந்தப் பெண்ணின் ஊர் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு டைரக்டர் போனை வைத்தார். அன்று மாலைக்குள் பன்னிரண்டு கடிதங்கள் போயின. பதினொன்று நான் டைப் அடித்தவை. பன்னிரண்டாவது அவர் கையால் எழுதியது.

மூன்றாம் அறையில் ஆயிரத்து நானூறு எலிகள் இருந்தன. அவற்றை வைத்திருக்க வழியில்லை. அக்கா அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் முயல் தலை வாங்கவில்லை, யாரையும் கிண்டல் செய்யவில்லை. இடையில் ஒருமுறை தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, "இதுங்க யாருக்கும் ஒண்ணும் பண்ணலடி" என்றார். டைரக்டர் முழுப் பாதுகாப்பு உடுப்பும் போட்டுக்கொண்டு உதவிக்கு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அதை அக்கா கவனித்தார்.

ஜூலையில் முடிவு வந்தது. எங்களுக்கு ஐந்துக்கு ஐந்து. 'திருப்தி.'

அன்றைக்கே லெய் திங்ஃபாவிடமிருந்து போன் வந்தது. டைரக்டர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

"டேய் குண்டா! நீ நாசமாப் போக!" என்றார் லெய். "எனக்கு அஞ்சுல ரெண்டு!"

"அய்யோ. ஜெர்மன் மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் ஒழுங்காத்தான் சொல்லிச்சு! அன்னைக்கு ரெண்டாவது பாட்டில் தீர்ந்ததும் நீதானே ஒண்ணு சால்மோனெல்லா, மூணு கிளெப்சியெல்லான்னு பீத்திக்கிட்டே? உங்க மியாவ் அம்மா தப்பே பண்ணமாட்டாங்கன்னு சத்தியம் பண்ணினியே! நான் ரயில்ல போகும்போதே என் ஆளுங்களுக்குப் போன் பண்ணி உன்னோடதுக்கு மாத்தச் சொல்லிட்டேன்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா பொத்திக்கொள்ளவில்லை. டைரக்டரின் காது சிவந்தது. லெய்யின் விடைகளை அவர் என்னிடம் மாற்றச் சொன்ன அதே நேரத்தில், லெய் இவருடைய விடைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு நண்பர்களும் தங்கள் ஆய்வகத்தை நம்பாமல் அடுத்தவர் ஆய்வகத்தை நம்பியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அன்றைக்குக் கை படாமல் இருந்திருந்தால், இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றிருப்பார்கள்.

"லெய்," என்றார் டைரக்டர், குரலைச் சரி செய்துகொண்டு, "ரெண்டு மார்க்கை விடு. நீ போன வருஷம் குடுத்தியே இருபது எலி, அதோட அண்ணன் தம்பிங்க இன்னும் உன்கிட்டதான இருக்கு? அதுங்க தொண்டையைப் பார்த்தியா?"

"நம்ம ஆளுங்க பார்ப்பாங்க" என்றார் லெய்.

"உன் ஆளுங்க நீ சொன்னா மாத்திடுவாங்கடா. அதான் உன் வியாதி. என் வியாதியும் அதுதான்."

இன்னும் கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பிறகு லெய், பழக்கமில்லாத மரியாதையோடு, மியாவ் டீச்சரிடம் பேசலாமா என்று கேட்டார். மூன்று நாள் சோங்சிங் வந்து அவருடைய எலிகளைப் பார்த்துத் தர முடியுமா?

அக்கா ரிசீவரை வாங்கிக்கொண்டார். "வரேன். ரெண்டு விஷயம். எந்த அறைக்குப் போகணும்னு நான் சொல்லுவேன், நீங்க சொல்லக் கூடாது. அப்புறம், வளர்ந்தது என்னவோ அதைத்தான் எழுதுவேன். சாப்பாடெல்லாம் வாங்கித் தர வேணாம். உங்க ஊர் ஹாட்பாட்ல எனக்கு நம்பிக்கை இல்ல."

அடுத்த வாரம் போனார். பெட்டியில் சொந்தமாக நாற்பது பிளேட் எடுத்துக்கொண்டு. மூன்றாம் நாள் காலை என் கைபேசி அடித்தது. பின்னணியில் சோங்சிங்காரர்கள் யாரோ ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக்கா? பாஸ்சுரெல்லா இருக்கா?"

"பாஸ்சுரெல்லா மட்டுமா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் குரலில் அவ்வளவு குஷியை நான் கேட்டதில்லை. "நான் பாடப்புத்தகத்துல படத்துல மட்டும் பார்த்ததெல்லாம் இங்க குடும்பம் நடத்துது. இன்னும் பத்து நாள் ஆகும். ஸ்டோர்ல இருக்கற பிளேட் எல்லாத்தையும் அனுப்பு."

எந்தப் படிவத்தில் எழுதி அனுப்புவது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.